ஆயுத பூஜையும் சி டிரைவும்

1. சிவப்புப் பட்டை

"அக்கா, பில் போட முடியல. டிஸ்க் ஃபுல்னு வருது. சாயங்காலம் பார்சல் வண்டி வந்துரும்க்கா."

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒரு நாள் காலையில் மீராவிடமிருந்து இப்படி ஒரு போன். இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். பசுமலையிலிருந்து முனிச்சாலைக்குப் பண்டிகை நெரிசலில் போய்ச் சேருவதே ஒரு வேலை. வழி நெடுக "ஹேங் ஆயிருச்சு" என்று சொல்லாமல் திரையில் வந்ததை வந்தபடி சொன்ன மீராவை மனதுக்குள் பாராட்டிக்கொண்டே போனேன். சர்வர் பராமரிப்பு வேலையில் இத்தனை வருடம் ஓட்டியதில், ஒழுங்காகச் சொல்லத் தெரிந்த வாடிக்கையாளர்கள் எனக்குச் சொந்தக்காரர்களைவிட வேண்டியவர்கள்.

மீராவின் அப்பா துளசிராம் ஐயா சுங்குடிச் சேலை மொத்த வியாபாரி. சௌராஷ்டிரக் குடும்பம். கடை முழுவதும் அவருடையது. மீராவுக்கு மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை. அங்கே உட்கார்ந்துதான் அவள் ஆன்லைனில் சேலை விற்றுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு மாதம் முன்பு நான் போயிருந்தபோது என் எதிரிலேயே சொன்னார்: "தீபாவளி வரைக்கும் பாப்போம். சொன்ன நாள்ல சரக்கு போய்ச் சேரணும். ஒரு ஆளு நம்ம கடைப் பேரச் சொல்லித் திட்டுனாலும் இத மூடிரணும்." மீரா சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்?

இப்போது அன்றைய பார்சல்கள் எல்லாம் கட்டிய நிலையில் தரையில் கிடந்தன. பில்லும் முகவரி லேபிளும் ஒட்டினால்தான் வண்டியில் ஏறும். பில் போடும் மென்பொருளோ ஓர் எழுத்துக்கூட எழுத மறுத்தது. சி டிரைவின் பட்டை முழுக்கச் சிவப்பு.

தற்காலிக ஃபைல்களைத் துடைத்தேன். கொஞ்சம் இடம் கிடைத்தது. நாலு பில் போட்டதும் அதுவும் போயிற்று. இடத்தை அடைத்திருந்தவை சேலைப் படங்கள். "பழைய படத்தையெல்லாம் எடுத்துரலாமா?" என்று கேட்டேன். மீரா வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றுகிற சேலை. ஒன்றைப் போல ஒன்று இருக்காது. படத்தைப் பார்த்துத்தான் ஆர்டர் வருகிறது, படத்தோடு ஒப்பிட்டுத்தான் பெட்டியில் வைக்கிறார்கள். ஆகவே டிஸ்கைப் பெரிதாக்குவது ஒன்றுதான் வழி.

2. மங்கிக் கிடந்த கட்டம்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் கடையின் பில்லிங் கம்ப்யூட்டர் ஒரு வெர்ச்சுவல் மெஷின். அதாவது நிஜமான சர்வர் ஒன்றுக்குள் மென்பொருளால் அமைத்த இன்னொரு கம்ப்யூட்டர். தனக்கென்று ஒரு டிஸ்க் இருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் அந்த டிஸ்க், நிஜ சர்வரில் கிடக்கும் ஒரு பெரிய ஃபைல். அந்த ஃபைலைப் பெரிதாக்கிவிட்டு, பிறகு உள்ளே போய் சி பார்ட்டிஷனையும், அதாவது அந்த டிஸ்கில் சி டிரைவுக்கு ஒதுக்கிய பகுதியையும், இழுத்துவிட வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் காபி ஆறுவதற்குள் முடிகிற காரியம்.

எல்லாம் சரியாக இல்லை. டிஸ்கின் அளவை மாற்றும் கட்டம் மங்கிக் கிடந்தது. எண்ணைத் தட்டினால் ஏறவில்லை. இப்படி மங்கிக் கிடந்தால் ஸ்னாப்ஷாட் இருக்கிறது என்று அர்த்தம். திறந்து பார்த்தேன். ஒன்றின்கீழ் ஒன்றாக ஏழு இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: ஆயுத பூஜை. கூடவே அந்தந்த வருடம்.

ஸ்னாப்ஷாட் என்பது அந்த நொடியில் மெஷின் இருந்த நிலையை அப்படியே நிறுத்திவைப்பது. ஏதாவது பெரிய மாற்றம் செய்யும் முன் எடுப்போம். மாற்றம் சரியாக அமைந்ததும் நீக்கிவிடுவோம். எடுத்த பிறகு எழுதுவதெல்லாம் பழைய ஃபைலில் போகாமல் புதிய ஃபைலில் போய்ச் சேரும். அந்தக் கடையில் ஏழு வருடமாக ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, நிஜ சர்வரின் டிஸ்கையே முக்கால்வாசிக்குமேல் தின்றிருந்தன. புது டிஸ்க் ஒன்றைச் சேர்த்துச் சமாளிக்கலாம் என்றால், வைக்க இடம் இல்லை.

திரும்பி அந்த சர்வர் பெட்டியைப் பார்த்தேன். நெற்றியில் சந்தனம், குங்குமம்.

"யாரு இத எடுத்தது?"

"முன்னாடி ஒரு அண்ணே சர்வர் பாத்தாருல்லக்கா, அவரு சொல்லிக் கொடுத்தது" என்றாள் மீரா. "பூஜை முடிஞ்சதும் அப்பா மவுஸப் பிடிச்சு அமுத்துவாரு. அதுக்கப்பறம்தான் எல்லாருக்கும் பொரி. அந்த அண்ணே பெங்களூரு போனப்பறமும் நாங்க விடல."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. ஒரு மனிதர் ஒரு பட்டனை மட்டும் கற்றுக்கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போயிருக்கிறார்.

3. "அதுல கை வைக்காதீங்க"

ஏழையும் நீக்க வேண்டும் என்று சொன்னதும் துளசிராம் ஐயா கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் நாமம், குரல் எப்போதும் தணிந்துதான் இருக்கும். அன்றைக்கும் தணிந்தே இருந்தது.

"அதுல மட்டும் கை வைக்காதீங்கம்மா. சாமி முன்னால எடுத்தது. கொரோனால பக்கத்துக் கடையெல்லாம் பூட்டுனான், நாங்க பூட்டல. எதுனால? நாங்க வருசம் தவறாம செஞ்சோம்."

"ஐயா, அத எடுக்காம டிஸ்க்கப் பெருசாக்க முடியாது. மொதல்ல சொல்லுங்க, பேக்கப் எங்க இருக்கு?"

"அதான் ஏழு இருக்குதே."

"இது பேக்கப் இல்லைங்கய்யா. இந்தப் பெட்டி எரிஞ்சா ஏழும் சேந்து எரியும்."

பெட்டி எரிவதைப் பண்டிகை வாரத்தில் அந்தக் கடைக்குள் நின்று சொல்லியிருக்கக் கூடாது. அவர் முகம் இறுகிவிட்டது. மகளைப் பார்த்துச் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொன்னார். அவளும் சௌராஷ்டிரத்தில் பதில் சொன்னாள். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் சண்டை எந்த மொழியில் நடந்தாலும் புரியும். கடைசியில் அவர் தமிழுக்கு வந்தார்.

"பார்சல் நாளைக்குப் போகட்டும். போகாட்டி இதோட விட்ரு. நான் அப்பவே சொன்னேன்ல."

அவர் கல்லாவுக்குத் திரும்பியதும் மீரா என் பக்கத்தில் குனிந்தாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, பாஸ்வேர்ட் ஒங்ககிட்டதான் இருக்கு. அவருக்குத் தெரியாம எடுத்துருங்க. அவரு என்னத்தப் பாக்கப் போறாரு."

செய்திருக்கலாம். ஒரு பட்டனை அமுத்தினால் போதும். ஆனால் சர்வர் அவருடையது. அவருக்குத் தெரியாமல் எடுத்தால், நாளைக்குப் பார்சல் வண்டி டயர் பஞ்சரானாலும் அதற்கு நான்தான் காரணம் என்று ஆகும். அதைவிட முக்கியம், அவருக்குத் தெரியாமல் செய்ய ஆரம்பித்தால் அந்தப் பெண் இனி எல்லாவற்றையும் ஒளித்துத்தான் செய்ய வேண்டியிருக்கும். அது எனக்குப் பிடிக்கவில்லை. "மாட்டேன்" என்றேன். அவள் போய்ப் படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

சும்மா இருக்க எனக்கு வராது. பையிலிருந்த எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்கைச் செருகி, பில்லிங் டேட்டாவையும் சேலைப் படங்களையும் காப்பி போட்டேன். அது ஓடிக்கொண்டிருந்தபோது மறுபடி சர்வரைப் பார்த்தேன். சந்தனம் இருந்தது, பூ இல்லை. பூஜை முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

கல்லாவுக்குப் போய்க் கேட்டேன். "ஐயா, பூஜைக்குப் போட்ட மாலை எங்க?"

"மாலையா? அது விஜயதசமி அன்னைக்கே எடுத்துருவோமே."

"கணக்குப் புத்தகம், தராசெல்லாம்?"

"அதுவும்தான். மறுநா ஒரு பூஜை போட்டு, எடுத்து வேலையத் தொடங்குனாத்தானே பூஜை முடியும். ஒங்க ஊர்ல எப்படி?"

"அப்படித்தான். எங்க எழுமலையில மண்வெட்டிய வச்சாலும் மறுநா எடுத்து ஒரு வெட்டாவது வெட்டிருவாக." சர்வர் பக்கம் கையைக் காட்டினேன். "சாமி முன்னால வச்ச இந்த ஏழையும் எப்பங்கய்யா எடுத்தீங்க?"

ஒரு வாடிக்கையாளர் வந்தார், ஐயா அவருக்குச் சேலை எடுத்துக் காட்டினார், வந்தவர் வாங்கிக்கொண்டு போனார். அதன் பிறகு துளசிராம் ஐயா செருப்பைக் கழற்றிவிட்டு சர்வர் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"வச்சதோட சரி. எடுக்கவே இல்ல" என்றார். "எடுத்தா அதுல இருக்கிறது போயிருமா?"

"போகாது. ஏழுல இருக்கிறதும் ஒண்ணாச் சேந்து அடியில இருக்கிற டிஸ்க்லயே கலந்துரும். பழைய நாளுக்குத் திரும்பிப் போற வழி மட்டும்தான் மூடும்."

"கெட்டுப் போகாதுல்ல?"

"கெடவே கெடாதுன்னு நான் எந்த மெஷினுக்கும் சொல்றதில்ல. கெட்டா என் கையில காப்பி இருக்கு, அத வச்சு நிமித்திருவேன்."

அவர் அந்த ஹார்ட் டிஸ்கைக் கையில் வாங்கிப் பார்த்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். "எதுல அமுத்தணும்?" என்று கேட்டார்.

4. நடுவில் கிடந்த துண்டு

மெஷினை நிறுத்தினேன். அவர் மவுஸைப் பிடித்து அமுத்தினார். ஏழு வருடத்தைக் கலப்பது சட்டென்று முடிகிற வேலை இல்லை. சதவீதம் ஏறியது; பாதியில் நின்றது. அப்படியே நின்றது. மீரா என்னைப் பார்த்தாள், அவர் என்னைப் பார்த்தார், பார்சல் கட்டும் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் சர்வரின் விளக்கைப் பார்த்தேன். டிஸ்க் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, வேலை நடக்கிறது. இந்த இடத்தில் பொறுமை இழந்து பாதியில் நிறுத்தியவர்களின் கடைகளுக்கும் நான் போயிருக்கிறேன். "சாப்பிட்டு வாங்க எல்லாரும்" என்று சொல்லிவிட்டு நானும் போய் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது கலந்து முடிந்திருந்தது. நிஜ டிஸ்கில் தாராளமாக இடம். அளவுக் கட்டமும் திறந்துகொண்டது. டிஸ்கை இரண்டு மடங்காக்கி, மெஷினை மறுபடி ஓடவிட்டு, உள்ளே போய் சி டிரைவை இழுக்கப் பார்த்தால் அங்கேயும் 'எக்ஸ்டெண்ட்' பட்டன் மங்கிக் கிடக்கிறது.

"இன்னும் என்ன?" என்றார் துளசிராம் ஐயா. இப்போது அவருக்குத்தான் அவசரம்.

திரையைக் காட்டினேன். இடப்பக்கம் சி. வலப்பக்கம் புதிதாக வந்த காலி இடம். இரண்டுக்கும் நடுவில் சின்னதாக ஒரு துண்டு, ரெக்கவரி பார்ட்டிஷன். விண்டோஸ் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள ஒதுக்கிவைத்த இடம் அது. ஒட்டியிருக்கிற காலி இடத்தைத்தான் சி எடுத்துக்கொள்ளும்.

"நம்ம எடத்துக்கும் வாங்குன எடத்துக்கும் நடுவுல அடுத்தவன் கொட்டாய் போட்ருக்கான்" என்றார்.

"அதேதான்."

"காலி பண்ண முடியுமா?"

முடியும். விண்டோஸை மறுபடி நிறுவும் ஃபைல் என்னிடம் இருப்பதை ஒருமுறை உறுதி செய்துகொண்டேன். ரெக்கவரியை முடக்கி, டிஸ்க்பார்ட் என்ற கமாண்ட் கருவியில் அந்தத் துண்டை நீக்கினேன். இந்தக் கமாண்ட் எந்தத் துண்டைக் காட்டினாலும் கேள்வி கேட்காமல் நீக்கிவிடும் என்பதால், அந்த வரியைத் தட்டும்போது நான் யாரோடும் பேச மாட்டேன். பிறகு எக்ஸ்டெண்ட். சிவப்புப் பட்டை நீலமாகிப் பாதிக்குச் சுருங்கியது. மீரா ஒரு பில் போட்டாள். பிரிண்டர் கத்த ஆரம்பித்தது.

வண்டி வந்தபோது கால்வாசிப் பார்சலில் லேபிள் ஏறவில்லை. டிரைவர், "இன்னும் மூணு எடம் போகணும், ஏத்துனவரைக்கும் கெளம்புறேன்" என்று கதவைச் சாத்தப் போனார். கடையை விட்டு எதற்கும் வெளியே வராத துளசிராம் ஐயா தெருவுக்கு இறங்கினார். "வாங்க தம்பி, நாளு கெழமை, ஒரு காப்பி சாப்பிடாமப் போவீங்களா?" என்று டிரைவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தார். காபி வந்தது, மிக்சர் வந்தது, ஊர்க்கதை வந்தது. துளசிராம் ஐயா காபியை எவ்வளவு மெதுவாக ஆற்ற முடியுமோ அவ்வளவு மெதுவாக ஆற்றினார். கடைசிப் பார்சல் ஏறிய பிறகுதான் டிரைவரைப் போகவிட்டார்.

வண்டி சந்து முனை திரும்பியதும் மீரா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். துளசிராம் ஐயா மகளைப் பார்த்துப் பேசினார். வீட்டு விஷயம் என்றால் வழக்கமாகச் சௌராஷ்டிரத்தில்தான் பேசுவார். இதைத் தமிழில் சொன்னார், நானும் கேட்கட்டும் என்று.

"படிக்குக் கீழ எத்தன நாளைக்கு இடிச்சுக்கிட்டு உக்காருவ? மாடி ரூமுல பழைய பொட்டிகதான கெடக்கு. நாளைக்கு ஆள விட்டு காலி பண்ணச் சொல்றேன். நீ எடுத்துக்க."

5. கற்றது

பார்ட்டிஷனைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். காப்பி எடுக்காமல் தொடாதே. ஸ்னாப்ஷாட் எத்தனை இருக்கிறது என்று பார். நடுவில் எந்தத் துண்டு கிடக்கிறது என்று பார். மங்கிக் கிடக்கும் பட்டனைத் திட்டாதே. அது எதற்காக மங்கியிருக்கிறது என்று தேடு. இதெல்லாம் எந்த வீடியோவிலும் கிடைக்கும். அந்தக் கடையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு: ஒரு மெஷினில் யாரோ எதையோ வைத்திருந்தால், வைத்தவரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே எடுக்க வை. அதற்கு ஆகிற நேரம் வீண் இல்லை. எங்கள் ஆபீஸில் இப்போது யார் ஸ்னாப்ஷாட் எடுத்தாலும் எடுத்த நாளைப் பெயராக வைப்பதில்லை. அதை நீக்கிவிட வேண்டிய நாளைத்தான் வைக்கிறோம்.

அடுத்த வருடம் விஜயதசமி காலையில் துளசிராம் ஐயாவிடமிருந்து போன். பண்டிகையும் அதுவுமாக என்ன கெட்டதோ என்று பதறி எடுத்தேன்.

"அம்மா, நேத்து வச்சத இப்ப எடுத்துட்டேன். அடியில கலந்துருச்சுன்னு காட்டுது. மாடியிலருந்துதான் பேசுறேன். ஒரு விசயம் கேக்கணும், மீராவுக்கு இந்த ரூமும் பத்தல. பக்கத்து ரூமோட சேக்கணும்னா நடுச்செவர எடுக்கலாம்ல?"

"எடுக்கலாம்ங்கய்யா" என்றேன். "அந்தச் செவத்துல யாரு என்ன மாட்டியிருக்காகன்னு மட்டும் கேட்டுட்டு எடுங்க."