அம்மாவின் இடது காது

அன்று தண்ணீர்த் தொட்டியருகே இருந்தவர்கள்: பாஸ்டர் ஐயா, எங்கள் அப்பா, பெரிய மாமா, சபையார் எட்டுப் பேர், பக்கத்து வீட்டு சரோஜா அக்கா, நான். யாரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள், பிழையும் இருக்கும். சவப்பெட்டியில் அம்மாவைப் பார்த்தபோது இடது காது ஏன் அப்படி என்று பலர் கேட்டீர்கள். அம்மாவின் இந்த நினைவு மலரில் அதைப் போடலாமா என்று பயந்து தூக்கமே இல்லை. அப்பாதான், "அப்டியே போடும்மா" என்றார்.

அம்மா திருநின்றவூரில் பிறந்து, சேக்காட்டுக்கு வாழ வந்தவர். எண்பத்தாறில் அம்மாவுக்கு ஞானஸ்நானம். நகையோடு தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது சபைச் சட்டம். எல்லாம் கழற்றியாயிற்று. இடது கம்மலின் திருகாணி மட்டும் இறுகிப்போயிருந்தது.

"பொன்னு மேல ஆசை வச்சா பரலோகத்துல இடமில்லம்மா" என்றார் பாஸ்டர் ஐயா.

"ஆசை இல்லீங்கய்யா, திருகாணி வரமாட்டேங்குது."

"எல்லாரும் பாத்துகினு கீறாங்க, மானத்த வாங்குறியேடி!" என்று அப்பா பிடித்து இழுத்தார். காது அறுந்து, கம்மல் கையோடு வந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அம்மாவை முழுக்கினார்கள். சபை "ஸ்தோத்திரம்" சொல்லிக் கைதட்டியது.

சரோஜா அக்காதான் அம்மாவைக் கம்பவுண்டரிடம் கூட்டிப்போய்த் தையல் போடவைத்தார். மருந்து தொடுவதும் எங்கள் சபையில் பாவம். தையலைக் கண்டதும் அப்பா அம்மாவின் தலையைக் கதவில் மோதினார். தடுத்த எனக்குப் பெல்ட் அடி. அன்று முழங்காலில் நின்று அம்மா, "ஆண்டவரே, இந்த ஆளு சாவணும்" என்று வேண்டினார். அதன்பின் சபையில் எல்லோரும் பாடும்போது அம்மா வாய் திறக்கவில்லை.

மறு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மிஷின் அப்பாவின் இரண்டு விரல்களைத் தின்றது. ஆஸ்பத்திரிக்குப் போனால் சபையை விட்டு விலக்குவோம் என்றார் பாஸ்டர் ஐயா. கை அழுகி நாறியது. ஜுரத்தில் அப்பா பிதற்றினார். அம்மா ஆட்டோ கொண்டுவந்தார். சபைக்காரர் இருவர் வாசலை மறித்தார்கள். அம்மா அம்மிக் குழவியைத் தூக்கினார்.

"நகர்றியா, மண்டைய ஒடைக்கட்டா?"

நகர்ந்தார்கள்.

பிழைத்தெழுந்த அப்பா, "எம்மேல கோவம் போயிட்ச்சா?" என்று கேட்டார்.

"கோவம் கீது. நீ சாவணும்னு ஜெபம் பண்ணிகினு இருந்தேன். ஆட்டோவுல உன் தல என் மடியில கெடந்தப்போ, செத்துடுவியோன்னு நடுங்கிட்டேன். அந்த ஜெபத்த ஆண்டவரே எடுத்துட்டாரு."

அப்பா அதன்பின் கை நீட்டவில்லை. தான் படுத்த படுக்கையான நாள்வரை அம்மா அடுப்படியில் சத்தமாகப் பாடினார்.

சரோஜா அக்காவுக்கும் ஆட்டோக்கார அண்ணனுக்கும் எங்கள் நன்றி. கம்பவுண்டர் ஐயா கடையை மூடிவிட்டு எங்கே போனாரென்று தெரியவில்லை. அம்மா கடைசிவரை விசாரித்தார். அறிந்தவர்கள் சொல்லுங்கள். மீதமுள்ள மூன்று விரலால் தாமே கொடுக்க வேண்டும் என்கிறார் அப்பா. தையல் கூலியில் பாக்கி, பதினைந்து ரூபாய்.