மீதி எத்தனை பேர்?

கொல்லம் ஆண்டு 1110, ஆனி மாதம். திருவனந்தபுரத்தில் கோட்டைக்கும் கடற்கரைக்கும் நடுவே இருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியனாகச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அப்பா நாஞ்சில் நாட்டிலிருந்து சாலைக் கம்போளம் என்ற கடைவீதிக்கு நெல் வண்டி ஓட்டியவர்.

என் வகுப்பைப் பார்த்தவர்கள் சந்தைக்குள் நுழைந்துவிட்டோமோ என்றுதான் நினைப்பார்கள். முன் பெஞ்சில் அக்கிரகாரத்துப் பையன்கள். அவர்களுக்குப் பின்னால் சாலைக் கம்போளத்து வியாபாரிகளின் பிள்ளைகள். நடுவில் மலையாளம் மட்டுமே பேசும் நாலைந்து பேர். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கி வந்த ஒரு குடும்பத்துப் பையன் ஒருவன். கடைசியில், ஜன்னலோரம், கடற்கரையிலிருந்து வரும் ஏழு பேர். நான் பாதித் தமிழும் பாதி மலையாளமுமாகப் பாடம் நடத்துவேன். யாருக்கு எது புரிகிறதோ, அது அவர்களுக்கு.

இத்தனை விதமான பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் சொல்வது என்று சக ஆசிரியர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கவலையே இல்லை. என்னிடம் ஒரு வழி இருந்தது. நான் படித்த காலத்தில், ஒரு தொட்டியில் இரண்டு குழாய் திறந்தால் எத்தனை நாழிகையில் நிரம்பும் என்று கணக்குக் கொடுப்பார்கள். குழாயையே கண்ணால் கண்டிராத நான் அந்தக் கணக்கில் எத்தனை அடி வாங்கியிருக்கிறேன்! அதனால் என் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் வீட்டிலிருந்தே கணக்கு எடுப்பது என்று தீர்மானித்திருந்தேன். அக்கிரகாரத்துப் பையனுக்கு அப்பளம். கம்போளத்துப் பையனுக்கு மிளகு மூட்டை. தோட்டத்துப் பையனுக்குக் கூடை கூடையாய்த் தேயிலைக் கொழுந்து. அதுவரை வாயே திறக்காதிருந்த அந்தத் தோட்டத்துப் பையன், கொழுந்துக் கணக்கு போட்ட அன்று எழுந்து நின்று, "ஈரக் கொழுந்தா சார், காஞ்ச கொழுந்தா?" என்று கேட்டான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மறுநாள் கடற்கரைப் பிள்ளைகளின் முறை. நான்கு நாள் மழையில் கரையிலேயே கிடந்த மீன்பிடி வள்ளங்கள் அன்று காலைதான் கடலில் இறங்கியிருந்தன. வரும் வழியில் அதைப் பார்த்துவிட்டு, அந்த உற்சாகத்திலேயே கரும்பலகையில் எழுதினேன்:

ஒரு வள்ளத்தில் ஐந்து பேர் கடலுக்குப் போனார்கள். மூன்று பேர் கரைக்கு வந்தார்கள். மீதி எத்தனை பேர்?

எழுதிவிட்டு ஜன்னலோரம் இருந்த ஒரு சிறுமியை எழுப்பினேன். ஒன்பது வயது இருக்கும். கணக்கில் வகுப்பிலேயே முதல். நான் கேள்வியை முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுகிறவள், அன்று எழுந்து நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி கேட்டேன். பேச்சில்லை. அவளுக்குப் பக்கத்துப் பையனைக் கேட்டேன். அவனும் தரையைப் பார்த்தான்.

கம்போளத்துப் பையன் ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. "ரெண்டு சார்! ரெண்டு!" என்று கத்தினான்.

அவன் சொல்லி வாய் மூடவில்லை. அந்தச் சிறுமி விறுவிறுவென்று முன்னால் வந்து, எம்பி எம்பி, நான் எழுதியது முழுவதையும் உள்ளங்கையால் அழித்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. புதிய ஆசிரியன், முப்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிரம்பை எடுக்கவில்லை என்பது மட்டும்தான் நான் செய்த நல்ல காரியம். "பெஞ்சு மேல ஏறி நில்லு. விடை சொன்னாத்தான் இறங்கலாம்" என்றேன். ஏறி நின்றாள். மணி அடிக்கும்வரை நின்றாள். விடை சொல்லவில்லை. பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஜன்னலோரம் ஏழு இடமும் காலி. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. நான்காம் நாள் தலைமை ஆசிரியர் என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். அக்கிரகாரத்துக்காரர், வாய் சும்மா இருக்காது.

"என்ன ஓய், கணக்குக்குள்ளே கடலைக் கொண்டுவந்தீர். இப்போ கடல் வந்து பாதி கிளாஸை அடிச்சிண்டு போயிடுத்து போலிருக்கே! மாசக் கடைசியிலே இன்ஸ்பெக்டர் வரார், தெரியுமோல்லியோ? வராத பசங்க பேரை வெட்டிட வேண்டியதுதான்."

அவர் இன்ஸ்பெக்டரை நினைத்துச் சொன்னார். நான் என் அண்ணனை நினைத்தேன். அவனும் பள்ளியில் சேர்ந்தவன்தான். ஒரு நாள் வாத்தியார் அடித்தார் என்று மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் வந்து கேட்கவில்லை. அவ்வளவுதான், அவன் படிப்பு முடிந்தது. இப்போது அப்பாவின் வண்டியை ஓட்டுகிறான். பெயரை வெட்டினால் அந்த ஏழு பேரும் திரும்பி வரப்போவதில்லை என்பது எனக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை கடற்கரைக்குப் போனேன். வானம் மூடிக் கிடந்தது. சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்தில் பெண்கள் கூடைகளோடு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சிறுமியும் இருந்தாள். என்னைக் கண்டதும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், சும்மா கேட்பதுபோல், "இன்னிக்கு எத்தனை பேர் போயிருக்காங்க?" என்று கேட்டேன்.

அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த கரை சட்டென்று அடங்கிவிட்டது. ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். இன்னொருத்தி மணலில் துப்பினாள்.

"சாரா நீரு? அந்தக் கணக்குச் சாரு நீருதானா?" என்று அந்தச் சிறுமியின் அம்மா எழுந்து வந்தாள். "பள்ளிக்கொடத்துல எண்ணுனது போதாதுண்ணு இங்கயும் எண்ண வந்தீரா?"

"நான் தப்பா ஒண்ணும் கேக்கலையேம்மா..."

"சாரே, இந்தக் கரையில மீன எண்ணுவோம். வலைய எண்ணுவோம், துடுப்ப எண்ணுவோம். கடலுக்குப் போன ஆள எண்ண மாட்டோம், கேட்டோ? காலு மணல்ல பட்ட பொறவுதான் அவன் எண்ணிக்கையில வருவான்."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, மகளை முன்னால் இழுத்து நிறுத்தினாள். "அண்ணு இவ அப்பன் வள்ளத்துல போனது அஞ்சு பேருதான். அந்தியாகித்தான் அந்த வள்ளம் கரைக்கு வந்துது. நீரு அங்க பலகையில மூணு பேரக் கரையேத்திட்டு, மிச்சம் ரெண்டு பேரு எங்கேண்ணு இந்தப் பிள்ளட்டயே கேட்டீரு. அவ வாயால சொல்லணுமாக்கும், அல்லே?"

ஐந்து என்று நான் யோசித்து எழுதவில்லை. மீதி இரண்டு பேர் இன்னொரு வள்ளத்தில் ஏறி மீன் பிடித்துக்கொண்டிருப்பதாகத்தான் என் மனதில் இருந்தது. பெஞ்சின் மேல் நின்ற அவள் ஒரு வார்த்தை பேசாமல் அன்று தன் அப்பாவையும் மற்ற நாலு பேரையும் காத்துக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நான் திரும்பிப் போகவில்லை. மணலில் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். ஒன்றும் கேட்கவும் இல்லை. வள்ளங்கள் ஒவ்வொன்றாக அலையில் ஏறி வந்தன. பெண்கள் கூடையைத் தூக்கவில்லை, முகங்களைப் பார்த்தார்கள். எண்ண ஒரு உதடும் அசையவில்லை. கடைசி வள்ளம் வந்தபோது கயிறு இழுக்க ஆள் போதவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் போய்ப் பிடித்தேன். சிறுமியின் அப்பா குதித்து இறங்கி, "ஆரு இது, புது ஆளா?" என்றார். அதற்குப் பிறகுதான் கரைக்கே உயிர் வந்ததுபோல் மீனை எண்ணும் சத்தம் தொடங்கியது.

சிறுமியிடம் போய், "நான் போட்ட கணக்கு தப்பு" என்றேன்.

"விடை தப்பா, கணக்கு தப்பா?" என்றாள்.

"கணக்கே தப்பு."

அவள் அம்மா விடவில்லை. "பிள்ளைக்குத் தப்பினா பிள்ள பெஞ்சில ஏறி நிக்கும். சாருக்குத் தப்பினா ஆரு ஏறுவா?" பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். திங்கட்கிழமை பிள்ளைகளை அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அவர்கள் கூடைகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு நடந்தார்கள்.

திங்கட்கிழமை மணி அடித்தபோது ஏழு பேரும் வந்திருந்தார்கள். யாரும் உட்காரவில்லை. அந்தச் சிறுமி பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

ஏறினேன். ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். உயரத்தில் நின்று பார்க்கும்போது முப்பது முகங்களும் நன்றாகத் தெரிந்தன. மேலே நிற்பவனுக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்பதும் தெரிந்தது. வகுப்பு கொல்லென்று சிரித்தது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த தலைமை ஆசிரியர், "என்ன ஓய், ஒட்டடை அடிக்கிறீரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

"இன்னிக்குக் கணக்கு உங்களோடது. நீங்க கேளுங்க, நான் சொல்றேன்" என்றேன்.

அந்தச் சிறுமி எழுந்தாள். "அஞ்சு பேரு கடலுக்குப் போனாவ. அஞ்சு பேரும் வந்தாவ." கொஞ்சம் நிறுத்தி எல்லாரையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். "மீனு நாப்பத்திரெண்டு. ஆளுக்கு எத்தர?"

கம்போளத்துப் பையன் விரலை மடக்கி விழித்தான். நான் சற்றும் தயங்காமல், "ஆளுக்கு எட்டு. மீதி ரெண்டு" என்றேன்.

ஜன்னலோரம் ஏழு பேரும் ஒன்றாகச் சிரித்தார்கள். "மீதி இல்ல சாரே" என்றாள் அவள். "வள்ளத்துக்கும் ஒரு பங்கு உண்டு. ஆறு பங்கு. ஆளுக்கு ஏழு. மீதியே இல்ல. இனி எறங்குங்க."

இறங்கினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது ஜன்னலோரம் ஒரு இடமும் காலியாக இல்லை. அவர் கேட்ட கணக்குகளில் எத்தனை சரி, எத்தனை தப்பு என்று இப்போது நினைவில்லை. ஆனால் அன்று முதல் நான் பாடம் நடத்தும் முறை மாறியது. பிள்ளைகளின் வீட்டிலிருந்து கணக்கு எடுப்பதை நான் விடவில்லை. அது நல்ல வழி என்றுதான் இன்றும் உறுதியாகச் சொல்வேன். என் தவறு, போகிற வழியில் வள்ளத்தைப் பார்த்துவிட்டு அந்த வீட்டையே தெரிந்துகொண்டதாக நினைத்தது. இப்போதெல்லாம் வருஷத் தொடக்கத்தில் முதல் கணக்கைப் பிள்ளைகளே போடுகிறார்கள். எந்த வீட்டில் எதை எண்ணுவார்கள், எதை எண்ண மாட்டார்கள் என்று அதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அக்கிரகாரத்திலும் கம்போளத்திலும்கூட அப்படிக் கேட்கக் கூடாத கேள்விகள் இருக்கின்றன.

ஐந்து வருஷம் ஆகிறது. இன்றும் கரும்பலகையில் 'மீதி' என்று எழுதும்போது என் கை கொஞ்சம் நிற்கும். யார் வீட்டு ஆள் இன்னும் கரை சேரவில்லையோ என்று அந்த முகங்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சொல்லை எழுதுகிறேன்.