நாய் குரைத்த பாட்டு

தம்பெரே நகரில் இசைத்தட்டுக் கம்பெனி நடத்தும் ஹெல்விக்கு, பாட்டு என்றால் பூட்டிவைத்துக் காக்க வேண்டிய சரக்கு. அவள் தலையில்தான் கல்லைத் தூக்கிப் போட்டான் தாப்பியோ.

பகலில் டிராம் ஓட்டிவிட்டு மற்ற நேரத்தில் பாட்டுக் கட்டுகிற ஆள் அவன். சவுனா என்கிற நீராவிக் குளியலறையின் முன்னறையில் பாடிப் பதிவுசெய்த பாட்டுகளை ஹெல்வியிடம் கொடுத்தான். தட்டு வெளிவர ஒரு மாதம் இருக்கையில், அதே பாட்டுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்திலும் போட்டுவிட்டான்.

"உனக்கு மூளை இருக்கா? சும்மா கிடைக்கிறதை எவன் வாங்குவான்?"

"கேட்டாத்தானே ஹெல்வி வாங்குவாங்க? என்னை யாருக்குத் தெரியும்?"

"அதுல உன் நாய் வேற குரைக்குது!"

"முஸ்திக்கு அந்த இடம் வந்தா வாய் நிக்காது."

ஹெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தைய இரண்டு தட்டுகளும் படுத்துவிட்டன. இதுவும் படுத்தால் கம்பெனியை இழுத்து மூடுவது என்று முடிவு செய்திருந்தாள். தன் தட்டிலாவது சுத்தம் இருக்கட்டும் என்று நாயின் குரைப்பை வெட்டி எறிந்தாள்.

வெளியீட்டு நாளன்று பழைய நூற்பாலை அரங்கின் வரிசை பாலம்வரை நீண்டது. இவர்களையெல்லாம் யார் கூப்பிட்டது? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதுவும் நம்மூர்க் கூட்டம்! வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று உட்கார்ந்திருக்கும். இரண்டாவது சரணம் முடிந்து தாப்பியோ மூச்சுவாங்கிய நேரத்தில், அந்தக் கூட்டம் மொத்தமும் "லொள்! லொள்!" என்றது. கேலி செய்கிறார்களோ? ஹெல்வி எட்டிப் பார்த்தாள். மேடையில் தாப்பியோவோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் தட்டு வாங்க மேசையை மொய்த்தார்கள்.

"முஸ்தி குரைக்கிறது இதுல இருக்கில்ல?" என்றாள் சிவப்புத் தொப்பிக்காரி ஒருத்தி.

"அதை எடுத்தாச்சு."

"அட, ஏன்?"

"உங்ககிட்டதான் சும்மாவே இருக்கே! பிறகு இது எதுக்கு?"

"அதைக் கேட்டுத்தானே வந்தோம். வீட்டுல ஒண்ணு வச்சுக்க வேணாமா?" என்று தட்டைத் திரும்ப வைத்தாள். பின்னால் நின்றவர்களும் வைத்தார்கள்.

ஹெல்வி பதறிப்போய்க் காகிதத்தை நீட்டினாள். "நாயோட வேணுங்கறவங்க பேரெழுதிட்டுப் போங்க!" முன்பக்கம் நிரம்பி, பின்பக்கமும் நிரம்பியது.

தாப்பியோவை ஓரமாக இழுத்துப் போனாள். "எனக்கு ஒரு மண்ணும் புரியல. ஆனா கம்பெனியை மூடல. வெட்டினதை அழிச்சுத் தொலைச்சுட்டேன். குரைப்பு உன்கிட்ட இருக்கா?"

"இணையத்துல இருக்கே ஹெல்வி. எடுத்துக்கோ, சும்மாதான்."