மூன்று கிட்னி

என் தங்கை ஜைத்தூனுக்கு முதலில் வீங்கியது கண்ணிமை. காலையில் வீங்கியிருக்கும். மத்தியானம் வடிந்துவிடும். "என்னடி, மச்சான் அழ வச்சுட்டாகளா?" என்று கேலி செய்தேன். ஒரு மாதம் கழித்துக் கால் வீங்கியது. செருப்பு வார் பதிந்த தடம் சாயங்காலம்வரை மறையவில்லை. அப்போதும் நாங்கள் டாக்டரிடம் போகவில்லை. சோறு இறங்காமல் வாந்தி எடுத்த பிறகுதான் போனோம்.

தேனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டாமல் விட்ட கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று காட்டும் அளவு) ஒன்றை ஒட்டி இருக்க வேண்டுமாம். அவளுக்கு ஒன்பது. மதுரைக்குப் போகச் சொன்னார்கள். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு பெண் குழந்தை.

நான் உத்தமபாளையத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு மருந்து அடிக்கிறவன். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. இதில் இருப்பது டாக்டர்கள் சொல்லி நான் புரிந்துகொண்டது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்திருந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

வாரம் இரண்டு நாள் மதுரையில் டயாலிசிஸ் (ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவது). பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவாள். ஒரு நாளைக்கு மூன்று டம்ளர் தண்ணீர்தான். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு துண்டு ஐஸ் கொடுப்போம்.

மாற்றுக் கிட்னி வைத்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர். மச்சானுக்கு ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. எனக்குச் சேர்ந்தது. திசுப் பொருத்தமும் (இருவர் உடம்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்ப்பது) நன்றாக இருந்தது. என் மனைவி நூர்ஜகானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள்.

அவள் டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டாள். "ஒண்ண எடுத்துட்டா இவுக மருந்து டேங்கைத் தூக்கலாமா?"

"மூணு மாசத்துக்குக் கனம் எதுவும் தூக்கக் கூடாதும்மா."

"அப்ப நான் தூக்கிக்கிறேன். எங்கன கையெழுத்து?"

கொடுக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வாங்கியவருக்குத் தெம்பு சீக்கிரம் வந்துவிடும். வலி கொடுத்தவருக்குத்தான். எனக்கு இடது விலாவுக்குக் கீழே ஒரு சாண் வெட்டு. இருமினால் உயிர் போகும். பெரிய ஊர்களில் சின்னத் துளை போட்டு, உள்ளே கேமரா விட்டு எடுக்கத் தொடங்கிவிட்டார்களாம். எங்களுக்கு அது வரவில்லை.

ஆபரேஷன் முடிந்த பத்தாம் நாள் ஜைத்தூன் முகமூடி போட்டுக்கொண்டு என் கட்டிலுக்கு நடந்து வந்தாள். முகத்தில் வீக்கம் இல்லை.

"என்னண்ணே, நீ சீக்காளி மாதிரி படுத்துக் கெடக்க?"

"பேசாத. சிரிச்சா இழுக்குது."

"ஒன் கிட்னி ஒன்ன மாதிரியேதான் இருக்கு. விடியுறதுக்குள்ள என்னைய எழுப்பி விட்டுருது."

"யாரு கிட்னி? சும்மாவாடி?"

அந்தப் பெருமை எனக்கு ஊர் திரும்பியும் போகவில்லை. யார் விசாரித்தாலும், "அவளுக்கு இனி ஒண்ணும் இல்ல. என்னோடதுல்ல வேலை செய்யுது" என்பேன். அவளிடமும் சொல்வேன். "நீ சீக்காளி இல்ல. அத மறந்துட்டுப் பொழப்பப் பாரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வந்த உறுப்பை உடம்பு பகையாக நினைத்துத் தாக்குமாம். அதை அடக்க ஆயுள் முழுக்கக் காலையும் மாலையும் மாத்திரை. ஒரு வேளையும் தவறக் கூடாது. தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பெருமை பேசினேன்.

மூன்று வருடம் நன்றாக இருந்தாள். நாலாவது வருடம் நோன்பு ஐப்பசியில் வந்தது. மழைக்காலம், பகல் குறைவு. எங்களிடம் கேட்காமல் நோன்பு பிடித்தாள். மாத்திரையை விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, நோன்பு திறந்ததும் ஒன்று என்று மாற்றிக்கொண்டாள். சஹருக்கு எழ முடியாத நாட்களில் மாத்திரையே போடாமல் நோன்பைத் தொடர்ந்திருக்கிறாள். பெருநாள் முடிந்தும் நிறுத்தவில்லை. நோயில் விடுபட்ட பழைய நோன்புகளைப் பிடிக்கிறேன் என்று மச்சானிடம் சொல்லியிருக்கிறாள். அவரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

கண்ணிமை மறுபடி வீங்கியது. இந்த முறை நான் கேலி செய்யவில்லை.

மதுரையில் பயாப்சி (ஊசியால் கிட்னியில் சிறு துணுக்கு எடுத்துப் பார்ப்பது) செய்தார்கள். நிராகரிப்பு என்று வந்தது. ஊசி போட்டார்கள். புதிதாக வந்த வேறு மாத்திரைக்கு மாற்றிப் பார்த்தார்கள். கொஞ்சம் பிடித்து நின்றது. பிறகு மெல்ல மெல்ல நழுவியது.

அன்று வார்டில் அவளைத் திட்டினேன். "சீக்காளிக்கு நோன்பு கடமை இல்ல, பதிலுக்கு ஏழைக்குச் சோறு போட்டாப் போதும்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் எத்தன தடவ சொன்னாக? ஒனக்குக் காது இல்லையா?"

அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நீதானண்ணே சொன்ன, நான் சீக்காளி இல்லைன்னு."

நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றேன்.  

ஒன்றரை வருடத்தில் மறுபடி இயந்திரத்துக்கே போனாள். பலருக்குத் தெரியாத ஒன்று. மாற்றுக் கிட்னி வைக்கும்போது பழையதை எடுக்க மாட்டார்கள். புதியதை அடிவயிற்றில் வலது பக்கம் வைப்பார்கள். அது கெட்டாலும் பெரும்பாலும் அங்கேயே விட்டுவிடுவார்கள். என் தங்கை மூன்று கிட்னியோடு இருந்தாள். ஒன்றுகூட வேலை செய்யவில்லை.

பிறகு மூளைச்சாவு (மூளை முழுதும் நின்று, இயந்திரத்தால் மட்டும் மூச்சு ஓடும் நிலை) அடைந்தவர்களின் உறுப்புகளை வரிசைப்படி கொடுக்கும் ஏற்பாடு வந்தது. பெயர் பதிந்தோம். ஒரே ஒரு முறை போன் வந்தது. காலை பத்து மணி. தோட்டத்தில் இருந்தவன் போட்டிருந்த துணியோடு அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு ஓடினேன்.

சேரவில்லை. முதலில் வைத்த கிட்னியை எதிர்த்து அவள் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஊறிவிட்டதாம். அதனால் அடுத்தவர் கிட்னி எது வந்தாலும் பொருந்துவது கஷ்டமாம். டாக்டர் விளக்கினார். நான் கொடுத்தது மற்றதையும் வரவிடாமல் செய்கிறது என்று எனக்கு விளங்கியது.

திரும்பும் பஸ்ஸில் சின்னமனூர் தாண்டியதும் கேட்டாள்.

"இறந்தது சின்ன வயசுப் பையனாமேண்ணே?"

"ஆமா."

"பெத்தவ இந்நேரம் என்ன பண்ணுவாளோ."



அதற்குப் பின் எட்டு மாதம் இருந்தாள். நுரையீரலில் நீர் கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை பகலில் மௌத்தானாள்.

பெண்ணின் மையித்தைக் கபுறுக் குழிக்குள் இறக்க நெருங்கிய ரத்த சொந்தம் வேண்டும். அத்தா முன்பே போய்விட்டார். நான் இறங்கினேன். மேலிருந்து கொடுத்தார்கள், இரண்டு கையாலும் வாங்கினேன். இடுப்புப் பக்கம் எனக்கு வந்தது. கபன் துணிக்கு மேலே என் கை அடிவயிற்றில் நின்றுவிட்டது. "எறக்குப்பா, எறக்கு" என்றார்கள். வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்தோம். என்னுடையது இருந்ததும் அந்தப் பக்கம்தான். மண்ணை ஒட்டி.

மேலே ஏற எனக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

கொடுத்தவர்களும் வருடம் ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். நன்றாக இருக்கிறோம் என்று விட்டுவிடாதீர்கள். போன மாதம் தேனியில் ஸ்கேன் எடுத்தேன். வேறு ஒரு டாக்டரம்மா. மிஞ்சியிருக்கும் கிட்னி கொஞ்சம் பெருத்திருப்பதாகச் சொன்னார். இரண்டின் வேலையை ஒன்று பார்த்தால் அப்படித்தான் ஆகுமாம், பயம் இல்லையாம்.

"இந்தப் பக்கத்தோடது யாருக்குக் கொடுத்தீங்க?"

"தங்கச்சிக்கு."

"நல்ல காரியம். அவங்க எப்படி இருக்காங்க?"

"உத்தமபாளையத்துலதாம்மா இருக்கா."

சட்டையைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். சாவு இனிமேல்தான் வரும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டு நடமாடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது அந்தக் கபுறில் தொடங்கி ஒரு வருடமும் நாலு மாதமும் ஆகிறது.