கரியாஹாட்டில் முக்கண்ணு நண்டு

இது ஒன்றரை கிலோமீட்டர் பயணம்தான். சிரிக்காதீர்கள். தூத்துக்குடிக்காரியான என் மனைவி ஜெயா, கல்யாணமாகி நான்கே மாதத்தில் வியாழக்கிழமை ரயிலுக்கு ஒருவழி டிக்கெட் போட்டுவிட்டாள். "இந்த ஊர்ல ஒரு வாய் சோறு இறங்க மாட்டேங்குது, நான் போறேன்" என்றாள். அதனால்தான் போன நவம்பரில் ஒரு ஞாயிறு காலை, கொல்கத்தாவில் நாங்கள் இருக்கும் டாக்குரியாவிலிருந்து கரியாஹாட் சந்தைக்கு நண்டு வாங்க அவளைக் கூட்டிப்போனேன். ஆட்டோவுக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாய். நடந்தால் இருபது நிமிடம்.

நான் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். நண்டு என்றால் கயிறு கட்டி உயிரோடு இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சுந்தரவனத்துச் சேற்று நண்டு இரண்டைப் பெருமையாக எடை போடச் சொல்லிவிட்டுத் திரும்பினால், ஜெயா எதிர்க்கடையில் ஐஸில் கிடந்த ஒரு நண்டை முகர்ந்துகொண்டிருந்தாள்.

"ஐயே, செத்த நண்டு! கீழ போடு."

"சும்மா இருங்க, உங்களுக்கென்ன தெரியும்? இது முக்கண்ணு நண்டு. கடல்ல நீந்துறது. வெளிய எடுத்தா உசுரு ரொம்ப நேரம் நிக்காது. உடனே ஐஸ்ல போட்டா கெடாது."

திருப்பிக் காட்டினாள். சாம்பல் பச்சை ஓட்டின் பின்பாதியில், வெள்ளை விளிம்போடு மூன்று செம்புள்ளிகள். ஓட்டின் இருபுறமும் ஒன்பது ஒன்பது பற்கள்; கடைசிப் பல் மட்டும் முள்ளாக நீண்டிருந்தது. கடைசிக் கால்கள் துடுப்பு மாதிரி தட்டை. சேற்று நண்டுக்கும் அப்படித்தானாம். ஆனால் அது கழிமுகச் சேற்றில் வளை தோண்டும், இது கடலடி மணலில் புதைந்து கிடக்கும். நான்கு மாதத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. எது நல்லது என்று நான்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சுருக்கென்றது.

"திகா கடல் மால், பௌதி" என்றார் கடைக்காரர்; திகா கடற்கரையிலிருந்து வந்த சரக்கு, அண்ணி என்கிறார். கிலோ முந்நூறு. போகிறவர்கள் எட்டு மணிக்குள் போங்கள். ஐஸ் நண்டில் புளித்த வாடை அடித்தால் தொடாதீர்கள். கையில் கனமாக இருப்பதை எடுங்கள்.

முக்கண்ணு நண்டுப் பையை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன். ஜெயா நகரவில்லை.

"தாதா, ஆபார் கொபே ஆஷ்பே?" அண்ணா, மறுபடி எப்போது வரும் என்று கேட்கிறாள், பெங்காலியில்!

அடுத்த ஞாயிறு என்றார் அவர். ஜெயாவின் ரயிலோ அதற்கு முன்னால், வியாழக்கிழமை.

"எனக்கு ரெண்டு கிலோ எடுத்து வைக்கச் சொல்லுங்க" என்றாள் என்னிடம்.