ஒரு காசு அளவு நீலம்

எங்கள் வீட்டில் இரும்பை வெறும் உடம்போடு விடுவதில்லை. உப்புக் காற்று இரவும் பகலும் மோப்பம் பிடித்து அலையும் ஊர் காரைக்கால். கிணற்று ராட்டினம், ஜன்னல் கம்பி, கொல்லைக் கதவின் தாழ்ப்பாள், எல்லாவற்றுக்கும் படகுக்கு அடித்து மிச்சமான பெயிண்ட் உண்டு. ஒரு வருஷம் வீடெல்லாம் பச்சை, ஒரு வருஷம் சிவப்பு. என் எட்டாவது வயதில் நீலம்.

அந்த வருஷம்தான் அம்மாவின் தம்பி சைகோனிலிருந்து வந்து இறங்கினார். பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. அக்கரைக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாமா கொண்டுவந்தவை இரண்டு: தோளுக்கு மேல் எழும்பாத ஒரு வலது கை, படகின் பின்பலகையில் மாட்டி ஓட்டும் ஒரு பழைய மோட்டார். அங்கே எட்டு வருஷம் லாஞ்சுப் பட்டறையில் வேலை. மேலிருந்து பாரம் விழுந்து கை போயிற்று. கைக்கு ஈடாக அவர்கள் மோட்டாரைக் கொடுத்தார்களா, இவரே கேட்டு வாங்கினாரா என்பது ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மாறும்.

மற்ற மோட்டார்களைக் கயிறு சுற்றி இழுத்துத்தான் கிளப்ப வேண்டும். இதற்கு ஒரு பேட்டரியும் பொத்தானும் இருந்தன. "கயிறு இழுக்கிற கை எனக்கு இல்ல அக்கா. இதுக்கு ஒரு வெரல் போதும்" என்பார் மாமா. காற்று விழுந்த நாட்களில் பாய்த்தோணிகளை முகத்துவாரம் தாண்டி இழுத்துவிட்டுப் பிழைத்துக்கொள்வதாகத் திட்டம்.

அந்த விரலில்தான் அவர் கல்யாணமும் தொங்கிக்கொண்டிருந்தது. பெண் வரிச்சிக்குடியில். தூரத்து உறவுதான், பாட்டன் காலத்தில் வலையை விட்டுவிட்டு ஏரைப் பிடித்த குடும்பம். பெண்ணின் அப்பா ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்: "கை வராதவருக்குப் பொண்ணக் குடுத்துட்டு நான் யார்கிட்ட போயி அழுவுறது? வெள்ளிக்கிழம வாரேன். படகு ஓடுறத என் கண்ணால பாத்தா வெத்தல பாக்கு மாத்திக்கலாம். இல்லேன்னா வண்டியத் திருப்பிக்கிறேன்."

வியாழக்கிழமை, அரசலாற்றில் கட்டியிருந்த எங்கள் படகில் உட்கார்ந்து மாமா மோட்டாரின் மூடியைக் கழற்றினார். வயர்களைப் பிரித்து ஓரமாகக் கட்டினார். பேட்டரியைச் சைக்கிளில் வைத்து, சார்ஜ் ஏற்றக் கடைத்தெருவுக்குக் கிளம்பினார். போகும்போது நீல டப்பாவையும் பிரஷ்ஷையும் என் கையில் கொடுத்து, "வெளியெல்லாம் அடிச்சு வையி. பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா புதுசு மாதிரி இருக்கணும்" என்றார்.

அடித்தேன். நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆறு என்னைச் சுற்றிக்கொண்டு போவதுகூடத் தெரியாமல் அடித்தேன். ஒரு பக்கத்தில், கருப்பு வயர் கழன்ற இடத்தில், ஒரு காசு அளவுக்கு இரும்பு மொட்டையாகப் பளபளத்தது. சைகோன்காரர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டிருக்கிறார்கள், சோம்பேறிகள். பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்கு மட்டும் இரண்டு பூச்சு கூடுதலாகக் கொடுத்தேன்.

மாமா திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம். அரை வெளிச்சத்தில் தடவித் தடவி வயர்களை அதனதன் இடத்தில் முடுக்கினார். என் கன்னத்தைத் தட்டி, "தங்கம்" என்றார்.

விடிந்ததும் அரசலாற்றங்கரையில் பொத்தானை அழுத்தினார். ஒன்றுமில்லை. ஒரு 'டக்' கூட இல்லை. மறுபடி அழுத்தினார். கரையில் மோர்ச்செம்போடு நின்ற அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"என்னடா, வாயே தொறக்க மாட்டேங்குது?"

"செத்த சும்மா இரு அக்கா."

மண்டியிட்டு ஒவ்வொரு வயராகப் பிடித்துக்கொண்டே போனார். அங்கங்கே கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். பிறகு சட்டென்று நிமிர்ந்து, மெல்லச் சீட்டியடித்தார். "பாப்பா, அந்த ஸ்பேனர எடு" என்றார். எடுத்துக் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துக் கரைமேல் மாட்டு வண்டியின் சலங்கை கேட்டது. மாமா வண்டியைப் பார்த்தார். ஸ்பேனரைப் பார்த்தார். அதைப் பலகைக்கு அடியில் செருகிவிட்டு எழுந்து கும்பிட்டார்.

வரிச்சிக்குடிப் பெரியவர் ஒடிசலான மனிதர். கடல் இருக்கும் திசைக்கு முதுகைக் காட்டியே நின்றார். மோரைக் குடித்து மீசையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைக்காரத் துரையைக் கூப்பிடுவது போல, "எங்க சைகோன் முசே, அழுத்துங்க பாப்போம்" என்றார்.

மாமா அழுத்தினார். ஆற்றில் ஒரு மீன் துள்ளியது கேட்டது.

"இதுதான் ஓடுற சத்தமா? ரொம்ப நைசா இருக்கே!"

அம்மா தரையைப் பார்த்தாள்.

"ஒரு கையி வராதுன்னாங்க, சரி, மெஷினு வரும்னு வந்தேன். இப்ப அதுவும் வர மாட்டேங்குதே தம்பி."

மாமா கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு வயர் நுனி கட்டிய ஒரு சின்ன பல்பை எடுத்தார். "எது வரைக்கும் வருதுன்னு பாத்துடலாங்க. எனக்குக் கையி எட்டாது, நீங்க செத்த புடிக்கிறீங்களா?" பெரியவர் தயங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, படகில் கால் வைத்தார். மாமா பல்பின் ஒரு நுனியைப் பேட்டரியில் முடிந்துவிட்டு, மறு நுனியைப் பெரியவர் கையில் கொடுத்து ஒவ்வொரு இடமாகத் தொடச் சொன்னார். பொத்தானுக்கு வருகிற வயரில் எரிந்தது. பொத்தானை அழுத்திக்கொண்டு, மோட்டாரைக் கிளப்பிவிடும் ஸ்டார்ட்டரின் வாயில் தொட்டபோதும் எரிந்தது.

"வாசல் வரைக்கும் வருதுங்க. உள்ள போயி வேலை செய்ய மாட்டேங்குது." மாமா பாடம் ஒப்பிக்கும் பையனைப் போலச் சொன்னார். சொல்லிவிட்டு முதலிலிருந்து அதையே திரும்பச் செய்யவைத்தார். எனக்கு அழுகை வந்தது.

மூன்றாவது முறை பெரியவர் பல்பைக் கீழே வைத்தார்.

"ஏன் தம்பி, வாய்க்கால்ல தண்ணி வருது, சரி. வந்த தண்ணி எது வழியா வடியும்?"

"வடியணுமாங்க?"

"நல்லா கேட்டீங்க போங்க! வடிகால் இல்லாம எந்த வயலு வெளஞ்சிருக்கு?"

மாமா மோவாயைச் சொறிந்தார். கருப்பு வயரை அப்போதுதான் பார்ப்பவர் போலத் தூக்கிக் காட்டினார். "அப்படிப் பாத்தா, மோட்டார்லேருந்து பேட்டரிக்குத் திரும்புறது இது ஒண்ணுதாங்க."

பெரியவர் வரப்பில் நடப்பது போல அந்த வயரின் மேல் விரலை நடத்திக்கொண்டே போனார். போல்ட்டில் வந்து நின்றார். "இதுக்கு அடியில என்னா நீலம்? மடைய அடச்சு வச்சிருக்கீங்களே!" மாமா ஸ்பேனரை எடுத்து போல்ட்டைத் தளர்த்தினார். பெரியவர் இடுப்புக் கத்தியால் சுரண்டினார். நீலம் செதில் செதிலாக உதிர்ந்தது. உள்ளே, ஒரு காசு அளவு, அந்த மொட்டை இரும்பு.



"எந்தப் புத்திசாலி இங்க போயி பெயிண்டு அடிச்சது?"

நான் அம்மாவின் புடவைக்குள் ஒடுங்கினேன்.

"நான்தாங்க" என்றார் மாமா. "உப்புக் காத்து தின்னுடுமேன்னு."

"சைகோன்ல எட்டு வருஷம் இதத்தான் படிச்சீங்களா!" பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார், துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், சிரிப்பில் படகு ஆடியது. வயரை முடுக்கியதும், "இருங்க, இருங்க, நான் அழுத்துறேன்" என்று பொத்தானை அவரே அழுத்தினார். மோட்டார் ஒரு இருமல் இருமியது, புகை கக்கியது, பிறகு ஆறே அதிரக் கத்தியது. நாணலுக்குள்ளிருந்து கொக்குகள் வெள்ளையாகச் சிதறின. அந்தச் சத்தத்துக்கு மேல் பெரியவரின் குரல்: "நிக்கிறீங்களே மாப்ள, உக்காந்து ஓட்டுங்க!"

மாப்ள. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வைகாசியில் கல்யாணம். வண்டி மாடு வாங்கக் கோட்டுச்சேரி போனாலும் சரி, சாவு கேட்கப் பூவம் போனாலும் சரி, சைகோன் மோட்டாருக்கு வடிகால் கண்ட கதையைச் சொல்லாமல் பெரியவர் வீடு திரும்பியதில்லை. மருமகனின் கையைப் பற்றி யாராவது வாயெடுத்தால், "நம்ம மெஷின வந்து பாத்துட்டுப் பேசு" என்பார்.

எனக்குத்தான் வெகுநாள் மாமாவை நினைத்து வெட்கம். ஒரு வயல்காரருக்குத் தெரிந்தது பட்டறைக்காரருக்குத் தெரியவில்லையே. பின்னால் ஊருக்கு வேறு மோட்டார்கள் வந்தன. பழுதென்றால் மாமாவிடம்தான் வந்தார்கள். மூடியைத் திறந்ததும் அவர் முதலில் தொடுவது கருப்பு வயரை. அதை முடுக்கிய இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்ப்பார். இதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். பார்த்தும் ஒன்றும் தோன்றாமல், எனக்கே கல்யாணமாகி, ஒரு நாள் அடுப்படியில் சும்மா நின்றிருந்தபோது சட்டென்று சிரித்துவிட்டேன்.

அன்று சலங்கை கேட்டபோதே மாமாவின் நகக்கண்ணில் நீலம் இருந்தது. பார்த்தேன். காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறார், நன்றாகத்தான் அடித்திருக்கிறேன் என்று அப்போது பெருமையோடு நின்றேன்.