சனிக்கிழமைகளில் என் கால்

அவர் என்னிடம் என் காலைக் கேட்டபோது என் செயற்கைக் கால் அவருடைய மடியில் கிடந்தது. மருத்துவமனை அறையில், அதன் விளிம்பை அரத்தால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"இது இல்லை. மற்றது. இதுக்குள்ள போற உங்கட சொந்தக் கால்."

நாங்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில்தான். ஆனால் அவர் சொன்னவை எல்லாம் எனக்கு எங்களுடைய தமிழிலேயே ஞாபகத்தில் நிற்கின்றன.

அவர் தென் லண்டனில் செயற்கைக் கால் பொருத்துகிறவர். வன்னியில், போரின் கடைசி மாதங்களில், ஷெல் விழுந்து என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னைப் பார்த்துவந்தவர் அவர்தான். முதல் சந்திப்பில், "ஷெல்லோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். தான் காசாவில் பிறந்தவர் என்றார். அதன் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

ஒவ்வொரு வருடமும் விடுமுறை எடுத்துக்கொண்டு அவர் காசாவுக்குப் போவார். அங்கே ஒரு பட்டறையில் இளையவர்களுக்குக் கால் செய்யக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவார். இப்போது அந்தப் பட்டறை இல்லை. அவர் போகவும் வழியில்லை. ஆகவே சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்தபடி வீடியோவில் வகுப்பெடுக்கத் தொடங்கியிருந்தார். அங்கிருக்கும் தாதிமார், ஒரு பிசியோதெரபிஸ்ட், வேலையே தெரியாமல் உதவ வந்த சிலர். துண்டித்த காலுக்குப் பண்டேஜ் சுற்றுவது எப்படி என்று குளித்துத் துடைக்கும் துவாயை உருட்டி வைத்துக் காட்டிப் பார்த்திருக்கிறார். சரிவரவில்லை.

"துவாய்க்கு முழங்கால் இல்லை," என்றார். "உங்களுக்கு விருப்பமில்லாட்டி வேண்டாம். நான் கோவிக்க மாட்டன்."

வீட்டில் சொன்னபோது மனைவி சமைப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"என்னப்பா, ஆரெண்டே தெரியாத ஆக்களுக்குக் காட்டப் போறியளோ? எங்கட பிள்ளையளுக்கே நீங்கள் ஒழுங்காக் காட்டேல்லை."

அவள் சொன்னது உண்மைதான். "அவர் கேட்டிட்டார்," என்றேன்.

தென் லண்டனில் மிச்சம் என்ற ஊரில் நான் வேலைக்கு நிற்கும் கடையில் சனிக்கிழமைக் காலை ஷிப்டை முடித்துவிட்டு, பஸ் எடுத்துப் பக்கத்து ஊரான சட்டனிலுள்ள அவருடைய வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் இருந்தார். மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் ஒரு விளக்கு, சோபாவில் விரித்த வெள்ளைத் துணி. நான் காற்சட்டையைச் சுருட்டிச் செயற்கைக் காலைக் கழற்றினேன். திரையில் மூன்று நான்கு முகங்கள், பாதி இருட்டாக. ஒருத்தி மட்டும் தெளிவாகத் தெரிந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பிசியோதெரபிஸ்ட் அவள்தான் என்றார்.

அவள் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு இரைச்சல் விடாமல் கேட்டது. அது எனக்குத் தெரிந்த இரைச்சல். வானத்தில் ஆளில்லாமல் சுற்றும் விமானத்தின் சத்தம். வன்னியில் அதை நாங்கள் வண்டு என்போம். அவரிடம் சொன்னேன். "நாங்களும் அதின்ர இரைச்சலை வைச்சுத்தான் பேர் வைச்சிருக்கிறம்," என்று சொல்லிவிட்டுப் பண்டேஜைக் கையில் எடுத்தார்.

எட்டுப் போடுவதுபோலக் குறுக்குக் குறுக்காகச் சுற்ற வேண்டும். நுனியில் இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. நேர் வட்டமாகச் சுற்றினால் இரத்தம் நின்றுபோகும். சுற்றினார், அவிழ்த்தார், திரும்பவும் சுற்றினார். பிறகு என் முழங்காலைப் பிடித்து நிமிர்த்தச் சொன்னார். அது ஒருபோதும் முழுதாக நிமிராது என்பது அவருக்குத் தெரியும்.

"இது ஏன் இப்பிடி ஆனது எண்டு சொல்லுங்கோ. நான் அவைக்குச் சொல்லுறன்."

நான் யாருக்கும் சொல்லாத கதை அது. பள்ளிக்கூடமொன்றை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். தரையில் கிடந்தேன். பக்கத்தில் தன் மகனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், நான் வலியில் முனகுவதைப் பார்த்துத் தன்னுடைய மாற்றுச் சேலையை மடித்து முழங்காலுக்குக் கீழே வைத்தார். சுகமாக இருந்தது. நாட்கணக்காக எடுக்கவேயில்லை. முழங்கால் மடிந்தபடியே இறுகிவிட்டது. அந்தப் பெண்ணின் முகத்தை எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

அவர் அரபியில் சொல்லி முடித்தார். திரையில் அந்தப் பிசியோதெரபிஸ்ட் பிள்ளை கையால் வாயை மூடிக்கொண்டாள். அவர்களிடம் எல்லோருடைய காலுக்கும் கீழே ஏதோவொன்று மடித்து வைக்கப்பட்டிருந்ததாம். தாய்மார் வைத்தவை. அவற்றையெல்லாம் எடுக்கப் போகிறேன் என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். அவர் மொழிபெயர்க்காமல் இருந்தார்.

"என்னவாம்?"

"இல்லாத கால் நோகுது எண்டு சனம் சொல்லுதாம். அந்த நோ எப்ப நிக்கும் எண்டு உங்களிட்டக் கேக்கிறாள்."

குளிர் காலத்தில் என் இல்லாத பெருவிரல் இன்றும் முறுக்கிக்கொண்டு இழுக்கும். சில வேளைகளில் கடையில் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"நிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. குறைஞ்சிருக்கு. நிக்கேல்லை."

அவர் தயங்கினார். பிறகு சொன்னார். திரையில் அவள் தலையைக் குனிந்தாள். சில மாதங்களில் போய்விடும் என்றுதான் இதுவரை எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறாளாம். பிறகு, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டாள்.

"கடையில நிக்கிறன்."

"நிண்டுகொண்டோ?"

"ஓம், நாள் முழுக்க."

அதற்குத்தான் அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. அங்கே இழுபடும் பண்டேஜ் தீர்ந்துபோனது என்றார்கள். அவர் பழைய படுக்கை விரிப்பைக் கிழித்து, அதைக் கொண்டு என் காலில் சுற்றிக் காட்டினார். பனியன் துணியால் காட்டினார். எதையாவது கிழிக்கும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு கடுமை வரும்.

ஒரு மருத்துவக் குழுவுடன் காசாவுக்குள் போக அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. மருத்துவமனையில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தார். பெட்டி நிறையக் கருவிகள். ஜோர்தானின் தலைநகரான அம்மான் வரை போய், அங்கே அனுமதிக்காகக் காத்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் போனபோது பெட்டி வீட்டு வாசல் நடையில் கட்டவிழ்க்காமல் நின்றது.

"மற்றவைக்கெல்லாம் கிடைச்சது," என்றார். "அங்க பிறந்த எனக்கு மட்டும் இல்லை."

"ஏனாம்?"

"ஏன் எண்டு ஆரும் சொல்ல மாட்டினம்."

தேநீர் போட எழுந்தவர் கேத்திலுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றார். அது கொதித்து அடங்கிய பிறகும் நின்றார். நானே போய்ப் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை அந்தப் பிள்ளை வரவில்லை. அவர்கள் இருந்த இடத்தை விட்டு எல்லோரும் போகவேண்டி வந்ததாம். அவள் எந்தப் பக்கம் போனாள் என்று வந்திருந்த தாதிக்குத் தெரியவில்லை. அடுத்த கிழமையும் வரவில்லை. தொலைபேசிக்கும் பதிலில்லை. அதற்கடுத்த கிழமை அந்தத் தாதி மட்டும் தெரிந்தார். என் பக்கத்திலிருந்த அவர் குனிந்து என் காலில் துணியைச் சுற்றத் தொடங்கினார். பாதியில் திரை கறுத்துவிட்டது. நான் கண்டேன். குனிந்திருந்த அவர் அதைக் காணவில்லை. அரபியில் விளக்கிக்கொண்டே சுற்றினார். இந்த இடத்தில் இறுக்கம், இந்த இடத்தில் தளர்வு என்று கைகள் சொல்லின. நான் நிறுத்தச் சொல்லவில்லை. சுற்றி முடித்து, "விளங்குதோ?" என்று கேட்டுக்கொண்டு நிமிர்ந்தார். கறுத்த திரையில் விளக்கும் நாங்கள் இருவரும் தெரிந்தோம்.

திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தார். பிறகு துணியை மெல்ல அவிழ்த்துச் சுருட்டி வைத்தார். "சொக்ஸைப் போடுங்கோ, குளிருது," என்றார்.

அந்தக் கோடை தொடங்கும்போது வேலையை விட்டுவிட்டுக் கெய்ரோவுக்குப் போனார். காயப்பட்டவர்களில் கொஞ்சப் பேரை அங்கே கொண்டுவந்திருந்தார்கள். ஒரு சின்னப் பட்டறையில் அவர்களுக்குக் கால் செய்துகொடுக்கிறார். அந்தப் பிள்ளையைத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று வருகிறவர்களிடமெல்லாம் விசாரிக்கிறாராம். இதுவரை யாருமில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம் வீடியோவில் அழைத்தார். அவருக்கு முன்னால் கட்டிலில் ஒருவர், என் வயதிருக்கும். லொறி ஓட்டியவராம். கால் தயாராகிவிட்டது, ஆனால் அதைத் தொடக்கூட மாட்டேன் என்கிறாராம்.

"நான் சொல்லிக் களைச்சுப் போனன். நீங்கள் ஒருக்கா நடந்து காட்ட ஏலுமே?"

போனை மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டி, வீட்டு ஹோலின் ஒரு தொங்கலிலிருந்து மறு முனைக்கு நடந்தேன். திரும்பி நடந்தேன். படியேறி இறங்கினேன். செயற்கைக் கால் கொஞ்சம் கடித்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் நடந்தேன்.

அந்த மனிதர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"காணும், நடந்தது போதும்," என்று என்னை அழைத்தவர் சொன்னார். "இண்டைக்குக் காணும்."

மனைவி போனைத் தாழ்த்தினாள். "பாவம், என்ன நினைச்சாரோ," என்றாள்.

நான் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினேன்.